சூடான பிறகு கேட்கும் சத்தம்

வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு அவருடைய பெயர் தெரியாது. ‘காது’ என்றால்தான் தெரியும். காரில் என்னவென்று பிடிபடாத சத்தம் வந்தால், காதுகிட்ட கொண்டு போய்க் காட்டு என்பார்கள். டயர் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட அவருடைய ஷெட்டில் ஒரே நேரத்தில் இரண்டு கார்கள்தான் நிற்கும். மூன்றாவது வந்தால் தெருவில் காத்திருக்க வேண்டும். காத்திருந்தார்கள்.

கார் வந்தவுடன் பானெட்டைத் திறந்துவிட மாட்டார். ஓட்டி வந்தவரையே உள்ளே உட்காரவைத்து என்ஜினை ஓடவிடச் சொல்லிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். பிறகுதான் திறப்பது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை என்ஜினில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பில் அழுத்தி, டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்ப்பதைப்போல இடம் மாற்றி மாற்றிக் கேட்பார். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் கீச்சென்று கத்திவிட்டு அடங்கினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது, பயமில்லை. தையல் மெஷின் ஓடுகிற மாதிரி மேலேயிருந்து டிக்டிக்கென்று வந்தால் வால்வுப் பக்கம். முதலில் ஆயில் இருக்கிறதா என்று பார். மேடு ஏறும்போது தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கினாற்போலக் கேட்டால், பெட்ரோல் எரியக் கூடாத நேரத்தில் எரிகிறது. இதையெல்லாம் வருகிறவர்களிடம் பொறுமையாகச் சொல்வார். கதை கேட்கவே வருகிறவர்களும் உண்டு.

அவரே பயப்படுகிற சத்தம் ஒன்றுதான். அது என்ஜினின் அடியிலிருந்து வரும். பூட்டிய கதவை உள்ளேயிருந்து யாரோ முட்டியால் தட்டுகிற மாதிரி கனமாக, டொக், டொக். பிஸ்டனைக் கீழே சுழலும் கிராங்க் தண்டோடு இணைக்கிற ராடின் பேரிங் தேய்ந்துபோனால் வருவது. வண்டி குளிர்ந்திருக்கும்போது கெட்டியாக இருக்கும் ஆயில் அதை மூடி மறைத்துவிடும். நன்றாக ஓடிச் சூடான பிறகு, ஆயில் இளகியதும், வெளியே கேட்கும். அது கேட்டுவிட்டால், இனி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், கட்டி இழுத்துக்கொண்டு வாருங்கள் என்பார். நாளைக்கே உடையலாம், ஆறு மாதம் கழித்தும் உடையலாம். ஆனால் உடையும்.

மனைவியின் வீட்டில் அவருக்கு வாய் நிறைய ‘மாப்பிள்ளை’ உண்டு. ஆனாலும் கல்யாணமான புதிதில் ஒருநாள் ஷெட்டிலிருந்து நேராக அங்கே போனபோது, மாமியார் சோபாவில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் உட்காரச் சொன்னார். அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. அன்றைக்கு விரித்தது விளையாட்டுப் பக்கம் என்பதுவரை அவருக்கு ஞாபகம் இருந்தது.

மாமனார் அப்படியில்லை. அச்சகத்தில் பிழை திருத்துபவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரிலிருந்து வந்தால் மகளைப் பார்த்த கையோடு ஷெட்டுக்கு வந்து, கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார். சுவரில் ‘புகை பிடிகாதீர்’ என்று இருந்ததைப் பொறுக்கமாட்டாமல், ஒருநாள் பெயிண்ட் டப்பாவைக் கேட்டு வாங்கி, விட்டுப்போன ‘க்’கைத் தன் கையாலேயே நடுவில் செருகினார். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபோது மாப்பிள்ளைக்குத்தான் முதலில் கண் கலங்கியது.

மாமனார் இருந்த ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரப் பயணம். வாடகைக் கார் வருகிற நாள் வரும், வராத நாள் வராது. ஏழு மாதம் இப்படி அல்லாடிய பிறகு, மனைவியின் தம்பி பழைய கார் ஒன்றை வாங்கினான். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை, வீட்டுக்கு ஒரே பையன். வாங்கப் போகிறேன் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாங்கிய பிறகுதான் மனைவிக்கு போன் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வண்டியைக் காட்ட வந்தான். வெயில் அதிகமாக இருந்ததால், அப்பா மெதுவாக இறங்கட்டும் என்று ஏசியை நிறுத்தாமல் என்ஜினை ஓடவிட்டிருந்தான். மனைவி ஓடிப் போய்க் கதவைத் திறந்தாள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவும் வாசலுக்கு வந்தார். இவர் பானெட் பக்கமாகப் போய் நின்றார். பழக்கம்.

தையல்காரம்மா மச்சினனிடம், உங்க அத்தான் பார்த்து வாங்கிக் கொடுத்ததா என்று கேட்டார்.

“அத்தானைக் கூட்டிட்டுப் போனா அவ்வளவுதான். நல்ல வண்டியிலயே நாலு வியாதி கண்டுபிடிச்சு, ஷெட்டுல அட்மிட் பண்ணிடுவார்.”

எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் சிரித்தார். மனைவியும் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு அடியில் அவருக்கு அது கேட்டது. டொக், டொக். விற்றவர்கள் கெட்டி ஆயிலை ஊற்றி அமுக்கியிருந்தார்கள். ஒரு மணி நேரம் ஓடி வந்ததில் ஆயில் இளகி, சத்தம் வெளியே வந்திருந்தது. வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் மச்சினன் உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருகினான். என்ஜின் அடங்கிவிட்டது.

மாமனார் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, “என்ன மாப்பிள்ளை, வண்டி எப்படி?” என்றார்.

“நல்லா இருக்கு மாமா.”

அன்று முழுக்க அவர் கலகலப்பாகத்தான் இருந்தார். மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். சத்தம் ஒரு வாரத்தில் எல்லோர் காதிலும் விழுகிற அளவுக்கு ஏறும். அப்போது மச்சினன் தானாகவே ஷெட்டுக்கு வருவான், தெருவில் காத்திருப்பான். அவனைக் காக்க வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக எழுந்து போய், இது முதல் நாளே எனக்குத் தெரியுமே என்று சொல்ல வேண்டும். என்ன தொனியில் சொல்வது என்பதுவரை யோசித்து வைத்திருந்தார். உடைவதற்கு முன்னால் வந்துவிடுவான் என்று நம்பினார். அப்படித்தான் பிற்பாடு தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து மனைவி அதைச் சொன்னாள். டயாலிசிஸ் நாட்களில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். தம்பி அலுவலகம் போய்விட்டுத் திரும்பி வருவான். சில நாள் அவர்களோடு அம்மா வீடுவரை போய்விட்டு மறுநாள் வருவாள். பாதி வழியில், வண்டி நன்றாகச் சூடானதும், காலுக்கடியில் யாரோ தட்டுகிற மாதிரி இருக்கிறது என்றாள். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் தட்டுவதும் வேகமாகிறதா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றாள். காலையில் கிளம்பும்போது இருக்கிறதா என்றார். இல்லை என்றாள். அவருக்கு அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை.

“வண்டிய ஷெட்டுல கொண்டு வந்து விடச் சொல்லு உன் தம்பிய.”

“நீங்களே ஒரு போன் போட்டுச் சொல்லுங்களேன். நீங்க சொன்னா உடனே கேட்பான்.”

“அவனே கேட்கட்டும். கூப்பிடாம போய் வியாதி கண்டுபிடிக்கிற பழக்கம் எனக்கு இல்ல.”

அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டாள். தம்பியிடம் அவளே சொன்னாள். அவன் ஆயில் மாற்றினான். நான்கைந்து நாள் சத்தம் இல்லை. சரியாகிவிட்டது என்று அவள் வந்து சொன்னபோது, அது அப்படிச் சரியாகிற சத்தம் இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, முந்தின நாளே அம்மா வீட்டுக்குப் போயிருந்த மனைவி வழியிலிருந்து போன் செய்தாள். பின்னால் லாரிகள் போகிற இரைச்சலில் அவள் சொன்னது பாதிதான் கேட்டது. சுத்தியலால் அடிக்கிற மாதிரி வந்து, வெடித்து, புகை வந்து, ரோடெல்லாம் ஆயிலாக நின்றுவிட்டதாம். பக்கத்தில் ஊர் எதுவும் இல்லை, நிழல் இல்லை. அப்பாவுக்குப் பதினொரு மணிக்கு மெஷின்.

அவர் டயர் கடைக்காரரின் இழுவை வண்டியை வாங்கிக்கொண்டு பறந்தார். போய்ச் சேரும்போது பதினொன்றே கால். மாமனார் பின்சீட்டில், மகளின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். கால்கள் வீங்கியிருந்தன. மச்சினன் நடுரோட்டில் நின்று, போகிற வருகிற வண்டிக்கெல்லாம் கையைக் காட்டிக்கொண்டிருந்தான். ஆம்புலன்ஸ் வருகிறது வருகிறது என்றுதான் போனில் சொன்னார்களே ஒழிய வந்தபாடில்லை. இழுவை வண்டியில் படுக்க வைக்க இடம் இல்லை. கடைசியில் அட்டைப்பெட்டி ஏற்றிப் போன ஒரு வேன்காரர் நிறுத்தினார். பெட்டிகளை ஒதுக்கி, மாமனாரைத் தூக்கி உள்ளே கிடத்தினார்கள். தூக்கும்போது அவர், “உங்களுக்கு வேலை கெட்டுப் போச்சே மாப்பிள்ளை” என்றார்.

ஆஸ்பத்திரியில் மெஷினை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு முதல் ஆளாகப் போட்டுவிடுகிறோம் என்றார் நர்ஸ். ஆறு மணிவரை தாங்கவில்லை. உடம்பில் நீர் சேர்ந்து மூச்சுத் திணற ஆரம்பித்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். பதினோராவது நாள் மாமனார் இறந்துபோனார்.

ஒரு தடவை டயாலிசிஸ் தவறியதால்தான் என்று சொல்ல முடியாது, இதயம் ஏற்கெனவே பலவீனமாகத்தான் இருந்தது என்றார் டாக்டர். அதனால் இல்லை என்றும் அவர் சொல்லவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் மச்சினன் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் லேசாக ஒரு சத்தம் வந்தது, ஆயில் மாற்றினேன், போய்விட்டது, வாங்கினபோது அத்தானே பார்த்துவிட்டு நல்ல வண்டி என்றார், அவருக்கே தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரிந்திருக்கும். வந்தவர்கள் இவரைத் திரும்பிப் பார்த்து ஆமோதிப்பாகத் தலையசைத்தார்கள். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சோபாவில் உட்காரவில்லை.

வண்டி இவருடைய ஷெட்டில்தான் கிடந்தது. இரண்டு வாரம் அதைத் தொடாமல் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். பிறகு ஒருநாள் மச்சினனும் மனைவியும் சேர்ந்து வந்தார்கள். என்னதான் ஆயிற்று என்று தெரிய வேண்டும் என்றாள் அவள். அவர் என்ஜினைக் கீழே இறக்கிப் பிரித்தார். பக்கவாட்டில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அடித்தொட்டி முழுக்க மின்னுகிற உலோகத்தூள். பேரிங் தகடு சாக்லேட் சுற்றிய காகிதம் மாதிரி நசுங்கி, கருகிப்போய் வந்தது. அதை உள்ளங்கையில் வைத்து அவர்களிடம் காட்டினார்.

மச்சினன் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தான். “எவ்வளவு நாளா இப்படித் தேஞ்சிருக்கும் அத்தான்?”

“மாசக்கணக்கா.”

“நான் வாங்கினதுக்கு முன்னாடியேவா?”

“ஆமா.”

மச்சினன் மெதுவாகக் கேட்டான்: “அப்போ அன்னைக்கு உங்களுக்குக் கேட்டிருக்குமே?”

“வண்டி ஆறியிருந்தா இது கேட்காது. கெட்டி ஆயில் ஊத்தி வித்திருக்கான்.”

மச்சினன் பெருமூச்சு விட்டான். “நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க” என்று அவருடைய தோளைத் தட்டினான். மனைவி அவருடைய கையிலிருந்த தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் கேட்டாள்.

“அன்னைக்கு அவன் ஒரு மணி நேரம் ஓட்டிட்டு வந்தான். ஏசி போட்டு ஓடிக்கிட்டேதான் நின்னுச்சு. ஆறியிருந்துச்சுன்னு சொல்றீங்க.”

பத்தொன்பது வருஷமாகச் சாப்பாட்டு மேசையில் அவர் சொன்ன என்ஜின் கதைகளையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள். எந்தச் சத்தம் எப்போது வரும் என்று பாதி மெக்கானிக்குகளைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை எப்படி மறந்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

“கேட்டுச்சு” என்றார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்து நின்றார். அவள், “நான் சிரிச்சேனே, அதனாலயா?” என்றாள்.

இல்லை என்று அவசரமாகச் சொன்னார். அவன் பேசியது, பல வருஷமாக மனசில் கிடந்தது, அவனாக வரட்டும் என்று இருந்தது, இப்படி ஆகும் என்று நினைக்காதது எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனார். சொல்லச் சொல்ல அவருக்கே அது சின்னப் பையன்கள் சண்டை மாதிரி கேட்டது.

“தம்பி உங்ககிட்ட கேட்கல. சரி. அப்பா கேட்டார். உங்க தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னு கேட்டார்.”

அவர் மச்சினனிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்றார்.

“வேண்டாம். சொல்லி அழுதுட்டு நீங்க லேசாயிடுவீங்க. அவன் உங்க முகத்துல முழிக்க மாட்டான். பொறந்த வீடுன்னு எனக்கு இருக்கிறது அவனும் அம்மாவும்தான். அதையும் கெடுத்துடாதீங்க. மனசுல வச்சுக்கிட்டே இருங்க. இருக்க முடியுதான்னு பாருங்க.”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. காஸ் தீர்ந்துவிட்டது, தண்ணீர் வரவில்லை, சட்டையில் பொத்தான் இல்லை என்கிற அளவில் பேச்சு இருந்தது. மத்தியானச் சாப்பாட்டை அவளே ஷெட்டுக்குக் கொண்டு வந்து, அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை கூட இருந்துவிட்டுப் போவது வழக்கம். இப்போது டப்பாவைக் காலையிலேயே மேசைமேல் வைத்துவிடுகிறாள். ஷெட்டிலும் அவர் முன்புபோல இல்லை. வண்டியைச் சுற்றி வருவது நின்றுபோனது. நேராக பானெட்டைத் திறந்து, எதையாவது கழற்ற ஆரம்பித்துவிடுவார். வந்தவர்கள் இது என்ன சத்தம் என்று கேட்டால், பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்பார்.

ஐந்து மாதம் தாக்குப் பிடித்தார். அதற்குமேல் முடியவில்லை. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஷெட்டைப் பூட்டிவிட்டு, மனைவியிடம் சொல்லாமல் மச்சினனுடைய அலுவலகத்துக்குப் போனார். சாப்பாட்டு இடைவேளை. மச்சினன் அவரை மாடிப்படித் திருப்பத்துக்கு அழைத்துப் போனான். உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த இடம். நின்றபடியே சொல்லி முடித்தார். அன்றைக்கே கேட்டது, வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன், ஷெட்டில் சொன்னதும் பொய்.

மச்சினன் சட்டையைப் பிடித்திருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தான்.

“தெரியும் அத்தான்.”

அவருக்குப் புரியவில்லை.

“வித்தவன் சொல்லித்தான் குடுத்தான். அடியில லேசா தட்டுது, கெட்டி ஆயில் ஊத்தி ஓட்டினா ஒரு வருஷம் தாங்கும்னான். என் கைக்கு எட்டுனது அந்த ஒரு வண்டிதான். ஷெட்டுல அக்கா முன்னாடி தெரியாத மாதிரி கேட்டேன். அப்பாவுக்கும் ஒரு வருஷம்தான் சொல்லியிருந்தாங்க. டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னார். யார்கிட்டயும் நான் சொல்லல. ரெண்டும் சரியா இருக்கும்னு நினைச்சேன்.”

கீழே யாரோ பைக்கை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பவில்லை.

“அன்னைக்கு நீங்க பானெட் பக்கத்துல வந்து நின்னதும் எனக்குப் பயம் வந்துடுச்சு. எதையாவது சொல்லி உங்களைத் தள்ளி நிறுத்தணும்னுதான் அப்படிப் பேசினேன். அப்பா கேட்டப்போ நீங்க நல்லா இருக்குன்னீங்க. அத்தானுக்குப் புரிஞ்சுபோச்சு, அப்பா முன்னாடி என்னை விட்டுக்கொடுக்காம பேசுறார்னு நினைச்சேன். அன்னைக்கு உங்க மேல எனக்கு எவ்வளவு மரியாதை வந்துச்சு தெரியுமா?”

அவர் பக்கத்திலிருந்த படியில் உட்கார்ந்துவிட்டார். அவமானம் என்று அவர் நினைத்திருந்தது அவனுடைய பயம். அந்தப் பயத்தை அவமானமாக எடுத்துக்கொண்டு அவர் வாயை மூடியதை, அவன் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டான். இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. வண்டி எப்படி என்று கேட்ட மாமனாருக்குத்தான் தெரியாது.

“அக்காவுக்குத் தெரியுமா?” என்றான் மச்சினன்.

“என்னைப் பத்தித் தெரியும்.”

“என்னைப் பத்தி வேண்டாம் அத்தான்.” இதைச் சொல்லும்போது மட்டும் அவரைத் திரும்பிப் பார்த்தான். “அம்மாவுக்கும் அவளுக்கும் இப்ப நான்தான் எல்லாம். தாங்க மாட்டாங்க.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்று மணிக்கு மேலதிகாரி வருகிறார் என்று சொல்லி உள்ளே போனான். போகும்போது, சாப்பிட்டீர்களா என்று கேட்கவும் மறக்கவில்லை.

அவர் வீட்டுக்கு வந்தபோது மனைவி போனில் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தாள். அவன்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். அம்மாவின் மாத்திரையைப் பற்றி, குழாயில் ஒழுகுகிற தண்ணீரைப் பற்றி, ஏதேதோ பேசிச் சிரித்தாள். அவர் வீட்டில் அவள் சிரித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. நேரம் கெட்ட நேரத்தில் வந்து நிற்கிறாரே என்று அவரை நிமிர்ந்து பார்த்தவள், ஷெட் மூடிட்டீங்களா என்று கையாலேயே கேட்டாள். தலை வலிக்கிறது என்று சைகை காட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை நிறுத்துவதற்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். அது அவரிடம் இருந்தது. தனக்கு அதில் கிடைக்கப் போவது என்ன என்று யோசித்துப் பார்த்தார். பாதிப் பழி குறையும். அவளுக்கு மிச்சமிருக்கிற தம்பியும் போவான். இந்த முறை வாயை மூடிக்கொள்வது சரிதானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் யாரும் இல்லை.

உடைந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது. மச்சினன் வேறு வண்டி வாங்கவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் மனைவி பஸ் பிடித்துத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புகிறாள். அவர் வரவில்லையா என்று அங்கே யாராவது கேட்டால், ஷெட்டில் வேலை அதிகம் என்று சொல்வாளாம். ஞாயிற்றுக்கிழமை ஷெட் திறப்பதில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.